எனியாக்கை இயக்கிய ஆறு பெண்கள்

பலவகைக் கணக்குகளையும் போடவல்ல முதல் மின்னணுக் கணினி எனியாக். 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அது அறிமுகமானபோது, அதை வடிவமைத்த ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கர்ட் இருவருக்கும் புகழ் குவிந்தது. அதற்கு புரோகிராம் அமைத்தவர்கள் ஆறு இளம்பெண்கள்: கே மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ரூத் லிக்டர்மேன், பிரான்சஸ் பிலாஸ். அவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எனியாக் பிறந்ததற்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழும் என்பது குழாயின் கோணம், காற்று, வெப்பநிலை, குண்டின் எடை எனப் பலவற்றைப் பொறுத்தது. எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது சிப்பாய் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. விடைகள் அடங்கிய அட்டவணை அவர் கையில் தயாராக இருக்க வேண்டும். ஒரே ஒரு குண்டின் பாதையைக் கணக்கிடவே மேசைக் கணக்குப்பொறியோடு ஒருவர் 30 முதல் 40 மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆண்கள் பலர் போருக்குப் போய்விட்டதால், கணக்கில் கெட்டிக்காரிகளான பெண்களை ராணுவம் இந்த வேலைக்கு அமர்த்தியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் இப்படி ஏறத்தாழ 80 பெண்கள் வேலை பார்த்தார்கள். அப்படியும் வேலை தீர்ந்தபாடில்லை. மின்னணு எந்திரம் செய்து தருகிறோம் என்று மாக்லியும் எக்கர்ட்டும் சொன்னதை நம்பி 1943-ல் ராணுவம் பணம் ஒதுக்கியது அதனால்தான்.

1945-ல் அந்தப் பெண்களிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கே அயர்லாந்தில் பிறந்தவர். ஜீன் மிசௌரி மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்திலிருந்து வந்தவர். எந்திரம் ராணுவ ரகசியம் என்பதால் முதலில் அவர்களை அறைக்குள்ளேயே விடவில்லை. கையேடும் கிடையாது, சொல்லித்தர ஆசிரியரும் கிடையாது. மின்சுற்று வரைபடங்களை மட்டும் கொடுத்து, பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

எந்திரமோ ஓர் அறையைச் சுற்றி 'ப' வடிவில் நின்ற 40 அலமாரிகள். எடை சுமார் 30 டன். உள்ளே ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய் வால்வுகள். திரையும் கிடையாது, விசைப்பலகையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யவும் வழியில்லை. புதுக் கணக்கு ஒன்று வந்தால், அதைக் காகிதத்தில் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்க வேண்டும். பிறகு எந்த அலமாரியிலிருந்து எந்த அலமாரிக்கு எண் போக வேண்டும் என்று பார்த்து, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் செய்வதுபோல ஒயர்களைச் செருக வேண்டும். நூற்றுக்கணக்கான சுவிட்சுகளைத் திருப்பிவைக்க வேண்டும். ஒரு கணக்குக்கு எந்திரத்தைத் தயார்செய்யவே சில நாட்கள் பிடிக்கும். பல பகுதிகள் ஒரே நேரத்தில் இயங்கியதால், எது எப்போது முடியும் என்பதையும் கணித்து இணைக்க வேண்டியிருந்தது. அசல் சிக்கல் அங்கேதான் இருந்தது.

வரைபடம் பார்த்துக் கற்றதில் ஒரு லாபமும் உண்டு. கணக்கு தவறினால், கோளாறு எந்த வால்வு பக்கம் இருக்கிறது என்று அவர்களால் ஏறக்குறைய சொல்லிவிட முடிந்தது. பெட்டி இன்னொரு உத்தியைப் பிடித்தார்: வேண்டிய இடத்தில் ஒயரைப் பிடுங்கிவிட்டால் கணக்கு பாதியில் நிற்கும், அதுவரை வந்த எண்களைச் சரிபார்க்கலாம். இன்றைய மென்பொருளாளர்களும் புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்கிறார்கள். அந்த இடத்துக்கு பிரேக்பாயின்ட் என்று பெயர்.

1946 பிப்ரவரி 15 அறிமுகச் செயல்விளக்கத்துக்கான பீரங்கிக் கணக்கை பெட்டியும் ஜீனும் தயார்செய்தார்கள். முந்தைய இரவு வரை ஒரு பிழை மட்டும் பிடிபடவில்லை. குண்டு தரையைத் தொட்டதும் நிற்க வேண்டிய கணக்கு, அது மண்ணுக்குள்ளும் பாய்ந்துகொண்டிருப்பதுபோல் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டி வீட்டுக்குப் போய்த் தூங்கினார். விழித்தபோது விடை கிடைத்திருந்தது. காலையில் வந்து ஒரே ஒரு சுவிட்சை மாற்றினார். 30 வினாடி பறக்கும் குண்டின் பாதையை எனியாக் 20 வினாடியில் கணக்கிட்டு முடித்தது. அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களை அழைக்கவில்லை.

எந்திரம் கட்டுவதுதான் அறிவுள்ள வேலை, அதற்குக் கணக்கை ஏற்றுவது குமாஸ்தா வேலை என்பதே அன்றைய எண்ணம். ஆறு பேரின் திறமையைவிட, அவர்கள் செய்த வேலையைத்தான் உலகம் குறைத்து எடைபோட்டது. அந்த வேலை எவ்வளவு கடினம் என்பது தெரிந்திருந்தால் ஒருவேளை அதைப் பெண்களிடம் கொடுத்தே இருக்கமாட்டார்கள்.

பிறகும் அவர்களில் சிலர் கணினித் துறையில் நீடித்தார்கள். எனியாக் 1947-ல் மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீனுக்குப் போனபோது ரூத்தும் உடன் சென்று அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி தந்தார். ஒயரைப் பிடுங்கிச் செருகாமலே கணக்கை மாற்றும்படி எனியாக்கைத் திருத்தியமைத்ததில் ஜீனுக்குப் பங்குண்டு. பெட்டி, யூனிவாக் கணினிக்காகத் தரவுகளை வரிசைப்படுத்தும் புரோகிராம்களைத் தானே உருவாக்கித் தரும் மென்பொருளை எழுதினார். கோபால் (COBOL) என்ற கணினி மொழியின் உருவாக்கத்திலும் பங்கெடுத்தார்.

1980-களில் ஹார்வர்டு மாணவி கேத்தி கிளைமன் பழைய எனியாக் புகைப்படங்களில் இந்தப் பெண்களைப் பார்த்து, யார் இவர்கள் என்று விசாரித்தார். குளிர்சாதனப் பெட்டி விளம்பரத்தில் வருவதுபோல அழகுக்கு நிற்கவைத்த மாடல்கள் என்று பதில் வந்தது. அதை நம்பாமல் கிளைமன் அவர்களைத் தேடிப்பிடித்து, நினைவுகளைப் பதிவுசெய்தார். 1997-ல் தொழில்நுட்பத் துறைப் பெண்களுக்கான சர்வதேசப் புகழ்ப் பட்டியலில் ஆறு பேரின் பெயரும் ஏறியது. பெட்டி, கே, ஜீன் உள்ளிட்டோர் அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார்கள். ரூத் 1986-லேயே காலமாகிவிட்டார்.