டோர்வலும் மிராபெலும்: ஒருங்கிசைவு ஆட்டத்தின் நோக்கில் தமிழ்க் குறியேற்றம்

ஒருவரது முடிவின் பயன் பிறரது முடிவைச் சார்ந்து அமையும் நிலைகளை ஆராய்வது ஆட்டக் கோட்பாடு. அதில் ஒருங்கிசைவு ஆட்டம் தனி இயல்புடையது. அனைவரும் ஓரிடத்தில் கூடினால் அனைவருக்கும் நன்மை. எவ்விடம் என்பதே சிக்கல்.

மொன்றியல் நகரம் இதற்குப் பெருஞ்செலவில் ஒரு சான்றை வழங்கியுள்ளது. 1941இல் திறக்கப்பட்ட டோர்வல் விமான நிலையம் இடநெருக்கடிக்கு உள்ளாகும் எனக் கருதிய கனடிய நடுவணரசு, நகரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் மிராபெல் நிலையத்தை 1975இல் திறந்தது. கடல்கடந்த சேவைகள் ஆணையின் பேரில் அங்கு மாற்றப்பட்டன. உள்நாட்டுச் சேவைகளும் அமெரிக்கச் சேவைகளும் டோர்வலிலேயே நின்றன. விமானம் மாறும் பயணி இரண்டுக்கும் இடையே தரைவழி செல்ல வேண்டியதாயிற்று. இருவகைச் சேவைகளையும் ஓரிடத்தில் கொண்டிருந்த டொரொன்டோ பயன்பெற்றது. நெடுந்தொலைவு விமானங்களின் வருகையும் வணிக மையத்தின் இடப்பெயர்வும் உடன்காரணங்களே. 1997இல் கட்டுப்பாடு நீங்கியதும் நிறுவனங்கள் டோர்வலுக்குத் திரும்பின. 2004இல் மிராபெலின் பயணியர் சேவை முடிவுற்றது.

தமிழ்க் கணிமையின் சிக்கலும் இவ்வகையினதே. 1990களில் இதழ்களும் எழுத்துரு ஆக்குநரும் தத்தம் குறியேற்றங்களைக் கையாண்டனர். ஒரு கோப்பைப் படிக்க அதற்குரிய எழுத்துருவும் வேண்டியிருந்தது. புலம்பெயர்ந்தோரின் மின்னஞ்சல் உரையாடல்களில் உருவான தஸ்கி இணையத்தில் பரவியது. 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஒருமொழிக்குத் தாம், இருமொழிக்குத் தாப் என இரண்டை ஏற்றது. ஒன்றில் கூட வேண்டிய இடத்தில் இரண்டை அறிவித்தது மிராபெலை நினைவூட்டுவது.

தாமஸ் ஷெல்லிங் 1960இல் விளக்கிய குவிப்புள்ளி என்னும் கருத்து இங்கு உதவும். பேசி முடிவெடுக்க இயலாதபோது, பிறரும் இதையே எதிர்பார்ப்பர் என்று தோன்றும் இடமே தேர்வாகிறது. 1991 முதலே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் இருந்தபோதும் அது அத்தகைய புள்ளியாக நெடுநாள் விளங்கவில்லை. விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் அதனைத் தம்முள் ஏற்ற பின்னரே விளங்கியது. எழுத்துருவைத் தேடி இறக்கும் சுமை வாசகரிடமிருந்து நீங்கியது. ஒவ்வொருவரும் அண்டையிலுள்ளோரின் தேர்வைக் கண்டு தம் தேர்வை மாற்றினர். கிளென் எலிசன் 1993இல் விவரித்த கற்றல்முறையும் இதுவே. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி வந்த ஒருங்குறி ஆணை, பெரும்பாலும் நிகழ்ந்துமுடிந்த கூடலை உறுதிசெய்தது. அதே ஆணை டேஸ்-16 என்னும் மற்றொன்றையும் உடன் ஏற்றது.

மாற்றப்படாத பழைய கோப்புகள் இன்றும் நூலகங்களில் உள்ளன. அவற்றின் எழுத்துருக்கள் மறைந்துவருகின்றன. மாற்றும் செலவு ஒருவருக்கு, பயன் அனைவருக்கும் என்பதால் முதலில் தொடங்குவோர் அரிதாயினர்.