குற்றாலத்துக்கு ஒரு நியாயம், தீம் பார்க்குக்கு ஒரு நியாயமா?

வெள்ளிக்கிழமை இரவு நெல்லை வண்ணார்பேட்டை பைபாஸ் பக்கம் போனால் ஆம்னி பஸ் ஆபீஸ்களின் முன்னால் குடும்பம் குடும்பமாகக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். காலடியில் டிராலி பை, தண்ணீர் பாட்டில்கள், சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு அல்வா பெட்டி. இதில் தீம் பார்க்குக்குக் கிளம்பும் குடும்பத்தின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ராத்திரி பஸ், விடியும்போது சென்னை கிளாம்பாக்கம், எங்கேயாவது பல் தேய்த்து, டிபனை முடித்து, கேட் திறக்கும் நேரத்துக்கு பார்க் வாசல், மூடும்வரை உள்ளே, வெளியே வந்ததும் மறுபடியும் ராத்திரி பஸ், ஞாயிறு காலை வீடு. ஒரு நாள்கூட லீவு போடவில்லை, ஒரு ராத்திரிகூட ரூம் எடுக்கவில்லை என்ற திருப்தி வேறு. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் போக அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், வர அறுநூறுக்கு மேல், நடுவில் இரண்டு ராத்திரித் தூக்கம் என்று இத்தனையையும் கொடுத்துவிட்டு வாங்கிவருவது என்ன என்று பார்த்தால், அந்தக் கெட்டிக்காரத்தனம் அவ்வளவாகத் தேறாது.

இத்தனைக்கும் நிதானமாக விடுமுறை கழிப்பதை நெல்லைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்களைப் பாருங்கள். காலையில் ஐந்தருவியில் ஒரு குளியல். வயிறு நிறைய டிபன். ரூமுக்கு வந்து ஒரு தூக்கம். மாலையில் பழைய குற்றாலத்துக்கோ, மெயின் அருவிக்கோ ஒரு நடை. ராத்திரி செங்கோட்டைப் பக்கம் பரோட்டா, கோழி. குற்றாலத்தில் ஒன்பது அருவி என்று எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஒருவரும் கிளம்புவதில்லை. தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டால்கூட, வந்தது வீண் என்று யாரும் புலம்புவதில்லை. சாரலில் நனைந்தபடி இரண்டு தெரு சுற்றி, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு, நாளைக்குக் குளித்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறார்கள். அதே குடும்பம்தான் தீம் பார்க் வாசலில் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறது.

காரணம் டிக்கெட்தான். அருவிக்குக் காசில்லை, பார்க்கில் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் வாங்கிவிடுகிறார்கள். கொடுத்த காசுக்கு எல்லா ரைடிலும் ஏறியாக வேண்டும் என்ற எண்ணம் வாசலிலேயே பிடித்துக்கொள்கிறது. இது நடக்கிற காரியமா என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொச்சியில் 2000-ஆம் ஆண்டு வீகாலேண்டாகத் தொடங்கி, பிறகு பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று பரவிய வொண்டர்லா, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் தன் ஐந்தாவது பார்க்கைத் திறந்தது. அறுபது ஏக்கருக்கு மேல் பரப்பு, நாற்பதுக்கு மேல் ரைடுகள். பார்க் எட்டு மணி நேரம் திறந்திருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 480 நிமிடம். நாற்பதால் வகுத்தால் ரைடுக்குப் பன்னிரண்டு நிமிடம். நடை, வரிசை, உடை மாற்றுவது, சாப்பாடு, பாத்ரூம், காணாமல்போன செருப்பைத் தேடுவது எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 24 பேரை ஏற்றி மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்பும் ரைடு என்றால் மணிக்கு 480 பேர்தான் ஏற முடியும். உங்களுக்கு முன்னால் 480 பேர் நின்றால் ஒரு மணி நேரம் போச்சு. ஆக, எல்லாவற்றிலும் ஏறுவது ஓடினாலும் நடக்காது, நடந்தாலும் நடக்காது. கூட்டமான நாளில் ஓடுகிற குடும்பத்துக்கும் நடக்கிற குடும்பத்துக்கும் வித்தியாசம் மிஞ்சிப்போனால் மூன்று நான்கு ரைடு. அந்த மூன்று நான்குக்காக முழு நாளையும் பதற்றத்தில் கழிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

‘இனி எப்போ வரப்போறோம்? காசைக் கொடுத்தாச்சு, விடக் கூடாது’ என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பதில். சாதாரணமாக ஒதுக்கிவிடக்கூடிய பதிலும் அல்ல. கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம். ஆனால் கொடுத்த பணம் நம் புத்தியை எப்படித் திருப்புகிறது என்பதை ஹால் ஆர்க்ஸ், கேதரின் புளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-இல் ஒரு கற்பனைக் கேள்வியால் காட்டினார்கள். நூறு டாலர் கொடுத்து ஒரு பனிச்சறுக்குப் பயணத்துக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள். ஐம்பது டாலர் கொடுத்து இன்னோர் ஊருக்கும் வாங்கியிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் உங்களுக்கு அதிகம் பிடிக்கும். இரண்டும் ஒரே வார இறுதியில் வந்துவிட்டன, பணமும் திரும்பக் கிடைக்காது. எதற்குப் போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டவர்கள், பிடித்ததை விட்டுவிட்டு, விலை கூடியதற்கே போவோம் என்றார்கள். இரண்டு டிக்கெட்டின் காசும் ஏற்கெனவே போய்விட்டது. மீதியிருப்பது எந்த வார இறுதி சந்தோஷமாக இருக்கும் என்பது மட்டுமே. பார்க்கிலும் அப்படித்தான். மாலை ஐந்து மணிக்குக் கடைசிப் பிள்ளை அழ ஆரம்பித்த பிறகு ஏறும் பதினாறாவது ரைடு, டிக்கெட் காசில் ஒரு ரூபாயைக்கூடத் திருப்பித் தரப்போவதில்லை.

நிதானத்துக்குச் சாதகமாக இன்னொரு சாட்சியும் உண்டு. நெதர்லாந்தில் ஜெரோன் நாவைன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1,530 பேரிடம் விடுமுறைப் பயணங்களைப் பற்றி விசாரித்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயணம் போகப்போகிறவர்கள், போகாதவர்களைவிட முன்கூட்டியே சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகோ இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. விதிவிலக்கு ஒரே ஒரு கூட்டம்: தங்கள் விடுமுறை மிகவும் நிதானமாக, இளைப்பாறுதலாக இருந்தது என்று சொன்னவர்கள். ஊருக்கு வந்த பிறகும் சந்தோஷம் கொஞ்ச நாள் நீடித்தது அவர்களுக்குத்தான். டச்சுக்காரர்களின் ஆய்வு நமக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டால், பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஞாயிறு காலை பஸ்ஸிலிருந்து இறங்கி, மதியம் வரை தூங்கி, திங்கட்கிழமை கழுத்துவலியோடு வேலைக்குப் போகும் குடும்பத்தைப் பார்த்தால், பொருந்தாது என்றும் சொல்லத் தோன்றவில்லை.

‘நிதானம் வேண்டும் என்றால் ரூம் போட வேண்டும், ரூம் போட்டால் செலவு, இதெல்லாம் வசதியானவர்கள் பேச்சு’ என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு ரயில் கட்டணத்தில் பதில் இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் சாதாரண ஸ்லீப்பர் பெர்த் ஏறக்குறைய நானூறு ரூபாய். விடுமுறை நாளில் கடைசி நேரத்தில் எடுக்கும் ஆம்னி பஸ் படுக்கை ஆயிரத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். நான்கு பேர் போய்வர எட்டு டிக்கெட்; டிக்கெட்டுக்கு அறுநூறு மிச்சம் என்று வைத்தாலே 4,800 ரூபாய். இரண்டு ராத்திரிக்குச் சுமாரான ஒரு ரூம் அதிலேயே வந்துவிடும். கையில் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்களுக்கு 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் இருக்கிறது. விடிகாலையில் நெல்லையில் ஏறினால் பிற்பகலுக்குள் சென்னை, ஒரு ராத்திரித் தூக்கமும் கெடாது. ரயிலில் இடம் கிடைக்காதே என்றால், கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காதுதான். நிதானமான பயணத்துக்குப் பெரிய விலை பணம் அல்ல. இரண்டு மாதம் முன்னால் உட்கார்ந்து யோசிப்பது. இதைச் செய்யாதவர்கள்தான் பிறகு பஸ் ஆபீசில் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள்.

அப்படி யோசித்தால் திட்டம் எப்படி இருக்கும்? தெற்கிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வசதி, பார்க் இருக்கும் பகுதிக்குச் சென்னை நகருக்குள் நுழையாமலேயே போய்விடலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் செங்கல்பட்டில் இறங்கினால் திருப்போரூர் முப்பது கிலோமீட்டருக்குள்தான். புதன் ராத்திரி கிளம்பினால் வியாழன் காலை அங்கே. அன்றைக்கு பார்க் வேண்டாம். இதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குவார்கள். ரூமில் குளித்து, தூங்கி, வெயில் தாழ்ந்ததும் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்கோ கோவளம் கடற்கரைக்கோ போய்வந்தால் போதும். வெள்ளிக்கிழமை பார்க். வார இறுதிக் கூட்டம் சேருவதற்கு முன்னால் ஒரு வேலைநாள் கிடைப்பது இந்தத் திட்டத்தின் பெரிய லாபம். 480 பேர் வரிசை பாதியானால் மேலே போட்ட கணக்கே மாறிவிடும். சனிக்கிழமை காலை மெதுவாக எழுந்து மாமல்லபுரம். அர்ஜுனன் தபசு முன்னால் பிள்ளைகள் பூனையையும் குரங்கையும் தேடிக் கண்டுபிடிக்கட்டும். அதற்கு உயர வரம்பு கிடையாது. ராத்திரி ரயில், ஞாயிறு முழுவதும் வீட்டில். பள்ளி விடுமுறைக் காலத்தில் பெரியவர்களுக்கு ஆகும் லீவு இரண்டே நாள். ஈசிஆரில் விஜிபி, எம்ஜிஎம் என்று வேறு பார்க்குகளும் இருக்கின்றன; அவற்றையும் சேர்ப்பதாக இருந்தால் நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும். அடுத்தடுத்த நாள் இரண்டு பார்க் என்பது இரண்டு கல்யாணத்தில் ஒரே மதியம் பந்தி சாப்பிடுவது மாதிரி. இலையில் உட்காரலாம், உள்ளே இறங்காது.

பார்க்குக்குள்ளும் இதே நியாயம்தான். முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை குறைவு. பெரிய ரோலர்கோஸ்டர் எதுவோ அதை அப்போதே முடித்துவிட வேண்டும். வெயில் உச்சிக்கு வந்த பிறகு தண்ணீர்ப் பக்கம். சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரு மணிக்குத்தான் போவார்கள். நீங்கள் பன்னிரண்டுக்கோ இரண்டரைக்கோ போங்கள். சாப்பிட்ட கையோடு தலைகீழாகச் சுற்றும் ரைடில் ஏறுவது உங்களுக்கும் நல்லதல்ல, பின்சீட்டுக்காரருக்கும் நல்லதல்ல. பெரிய பார்க்குகளில் பருத்தித் துணியோடு தண்ணீர் ரைடுகளில் விடமாட்டார்கள், நைலான் மாதிரித் துணிதான் வேண்டும். ஊரிலேயே வாங்கிக்கொண்டு போனால் உள்ளே வாங்கும் செலவு மிச்சம். வெளிச் சாப்பாட்டுக்கும் அனுமதி இருக்காது என்பதால் தூக்குவாளிப் புளியோதரையை ரயிலிலேயே தீர்த்துவிடுவது உத்தமம். எல்லாவற்றையும்விட முக்கியம், முந்தின நாளே ஆளுக்கு ஒரு ரைடைத் தேர்ந்துகொள்வது. ஆச்சிக்கு மரநிழல் பெஞ்சு பிடித்தால் அதுவே அவருடைய ரைடு. அந்த நாலைந்தும் முடிந்துவிட்டால் அன்றைய நாள் ஜெயம். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் போனஸ்.

காசு கூடக் கொடுத்து வரிசையைத் தாண்டும் டிக்கெட் வாங்கிவிட்டால் ஒரே நாளில் முடியாதா என்று கேட்கலாம். வரிசை குறையும், வாஸ்தவம்தான். ஆனால் அது ராத்திரி போன தூக்கத்தைத் தராது. நான்கு பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கூடுதல் காசில் ஒரு ராத்திரி ரூமே எடுத்துவிடலாம். பிள்ளைகளுக்குக் களைப்பே தெரியாது என்பது இன்னொரு வாதம். தெரியாமல் இல்லை, அவர்களுக்கு அதைச் சொல்லத் தெரியாது. அடம், அழுகை, வாந்தி என்று வேறு பெயரில் வெளியே வரும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1971 அக்டோபர் 1 அன்று வால்ட் டிஸ்னி வேர்ல்டைத் திறந்தபோது, பார்க்கோடு சேர்த்து அதன் ஹோட்டல்களையும் அன்றே திறந்தார்கள். மதியம் ரூமுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மாலையில் திரும்ப வருவது இன்றும் அங்கே குடும்பங்களின் வழக்கம். அங்கேயும் வெயில்தான், அங்கேயும் டிக்கெட் விலை கூடுதல்தான்.

ஒரு விலக்கு தாராளமாகத் தரலாம். பத்துக் கல்லூரிப் பையன்கள் ராத்திரி பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போய், பார்க்கில் ஆடித் தீர்த்து, மறுநாள் வகுப்பில் தூங்கினால் அதில் தப்பே இல்லை. அவர்களுக்கு அந்த ஓட்டம்தான் பயணம். பாதிப் பகலில் முடிகிற ஆசை என்றால் கன்னியாகுமரி பேவாட்ச்சே போதும், சென்னை எதற்கு? கொச்சி வொண்டர்லாவுக்குப் போகிறவர்களுக்கு ராத்திரி நெல்லையில் ஏறிக் காலையில் எர்ணாகுளத்தில் இறங்கும் பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இறங்கிய அன்றே பார்க் என்று கிளம்பாமல், வாட்டர் மெட்ரோவில் ஒரு சுற்று, ஃபோர்ட் கொச்சியில் ஒரு மாலை என்று வைத்துக்கொண்டு மறுநாள் போகலாம்.

காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும். கோடை வெயிலும் இல்லை, வடகிழக்கு மழையும் தொடங்கியிருக்காது. ரயிலில் 60 நாள் முன்னால் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கிறார்கள்; ஆகவே அந்த விடுமுறைக்கு ஜூலைக் கடைசியிலேயே டிக்கெட் எடுக்க உட்கார வேண்டும்.