நிறுத்தக் கூடாத மாத்திரை

ஒரு வீட்டில் பத்தொன்பது வயதுப் பெண். அவளுக்கு வலிப்பு நோய். தினமும் இரவில் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். எட்டு மாதமாக வலிப்பு வரவில்லை.

அவளைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. “மாத்திரை அட்டையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அதுதான் குணமாகிவிட்டதே” என்றார் அம்மா. மாத்திரையை நிறுத்தினார்கள்.

நான்காம் நாள் அடுப்பின் அருகே விழுந்தாள். கை வெந்துபோனது. ஒரு வலிப்பு நின்று நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகே நின்றது. இப்படி நடக்கும்போது உயிரே போய்விடலாம்.

பல ஊர்களில், பல வீடுகளில் இது நடக்கிறது.

எட்டு மாதம் வலிப்பு வரவில்லையே, ஏன்? நோய் போய்விட்டதாலா? இல்லை. மாத்திரை அதைத் தடுத்து வைத்திருந்தது. ஏரிக்கு கரை இருப்பதால் ஊருக்குள் தண்ணீர் வரவில்லை. தண்ணீர்தான் வரவில்லையே என்று யாராவது கரையை வெட்டுவார்களா?

நம் மூளை மிக மெல்லிய மின்சாரத்தால் வேலை செய்கிறது. அது திடீரென்று தாறுமாறாகப் பாய்ந்தால் வலிப்பு வருகிறது. பேய் பிடிப்பதால் அல்ல. தொட்டால் ஒட்டுவதும் இல்லை. மாத்திரை அந்தப் பாய்ச்சலை அடக்குகிறது. பினோபார்பிடோன் என்ற மாத்திரை 1912ஆம் ஆண்டு முதல் இதற்குப் பயன்படுகிறது. விலை குறைவு. பெனிட்டாய்ன், கார்பமசிபைன், வால்பிரோயேட் என்று வேறு மாத்திரைகளும் உண்டு. யாருக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடக் கூடாது.

மாத்திரை அட்டையில் எண் இருக்கும். 30, 60, 100 என்று. எழுத்து ஆங்கிலமாக இருந்தாலும் எண்ணைப் படித்துவிடலாம். போன முறை வாங்கிய அட்டையைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். எண் மாறினால் வாங்காதீர்கள். “இதுவும் அதே மாதிரிதான்” என்று கடைக்காரர் வேறு பெயரில் கொடுத்தால், டாக்டரைக் கேட்டபின் சாப்பிடுங்கள்.

மாத்திரை தீரும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு வாரம் முன்பே வாங்க வேண்டும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ வெளியூர் போகிறவர்கள், போய்த் திரும்பும் நாளுக்குச் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். விரதம் என்றாலும் மாத்திரை உண்டு. சாராயம் வேண்டாம். இரவில் நல்ல தூக்கம் வேண்டும்.

மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அந்த வேளை மாத்திரை மட்டும் போதும். இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. சாப்பிட்டதும் நாள்காட்டியில் ஒரு கோடு போட்டால் குழப்பம் இல்லை.

தொடக்கத்தில் தூக்கம் வரலாம், தலை சுற்றலாம். பெனிட்டாய்ன் சாப்பிடுவோருக்கு ஈறு வீங்கலாம். பல்லை நன்றாகத் துலக்க வேண்டும். உடம்பில் தடிப்பு, காய்ச்சல், வாயில் புண் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பமானால் பயந்து நிறுத்தக் கூடாது. சில மாத்திரைகள், முக்கியமாக வால்பிரோயேட், வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். அதனால் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சில வலிப்பு மாத்திரைகள் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும். இதைப் பலரும் கேட்க வெட்கப்படுகிறார்கள். கேட்க வேண்டும்.

அப்படியானால் வாழ்நாள் முழுவதும் மாத்திரையா? எல்லோருக்கும் அல்ல. இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல் வலிப்பே வராவிட்டால், டாக்டர் பார்த்து, பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தலாம். சிலருக்கு நிறுத்த முடியாது.

வலிப்பு வந்தவரின் கையில் சாவியோ இரும்போ கொடுத்துப் பயன் இல்லை. வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் மறைப்பதுதான் பெரிய ஆபத்து. மறைத்தவர்கள் புகுந்த வீட்டில் மாத்திரை விழுங்க இடம் தேடுகிறார்கள், பிறகு விட்டுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு நோய் ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது. கை வெந்த அந்தப் பெண்ணின் வீட்டில், அடுத்து வந்தவர்களிடம் அம்மாவே மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.