சராசரிக்கு மறதி இல்லை

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் அமெரிக்காவில் பல் மருத்துவப் படிப்புக்கான பொது விண்ணப்பம் இணையத்தில் திறக்கும். ‘ஆட்சாஸ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெயர், முகவரி எல்லாம் பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் வேதனை. கல்லூரியில் காலடி வைத்த நாள் முதல் எடுத்த ஒவ்வொரு பாடத்தையும் எந்தப் பருவம், எத்தனை கிரெடிட், என்ன கிரேடு என்று வரிவரியாக நிரப்ப வேண்டும். பெரும்பாலோர் தாமே உட்கார்ந்து நிரப்புகிறார்கள். முதலாண்டு வேதியியலில் வாங்கிய ‘சி’, இரண்டாம் ஆண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் வாங்கிய ‘டி’ எல்லாவற்றையும் தன் விரலாலேயே இன்னொரு முறை தட்டச்சு செய்ய வேண்டும். அந்தப் பாடத்தைத் திரும்பப் படித்து ‘ஏ’ வாங்கியிருந்தால் அதையும் போடலாம். ஆனால் ‘டி’ போகாது. இரண்டையும் சேர்த்தே சராசரி எடுப்பார்கள். சொந்தக் கல்லூரி பெரிய மனசு பண்ணிப் பழைய கிரேடைக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தாலும் அந்தச் சலுகை இங்கே செல்லாது.

நீட் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். நீட்டில் ஒரு வருடம் சறுக்கினால் அடுத்த வருடம் எழுதலாம்; பழைய மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் பிளஸ் டூ முடித்த கையோடு பல் மருத்துவம் சேர்வது அபூர்வம். முதலில் நான்காண்டு இளநிலைப் படிப்பு, அதற்குள் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்கள், அதன்பின் நான்காண்டு பல் மருத்துவம். பதினெட்டு வயதில் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிய காலை எட்டு மணி வகுப்பு, இருபத்திரண்டாம் வயதில் வந்து கணக்குக் கேட்கிறது.

அந்தக் கணக்கின் பெயர் ஜி.பி.ஏ. ‘ஏ’ என்றால் 4, ‘பி’ 3, ‘சி’ 2, ‘டி’ 1. கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, வகுத்தால் சராசரி. பல் மருத்துவத்தில் இடம் பிடிப்பவர்களின் சராசரி சுமார் 3.6. ஆண்டுக்குப் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் பேர் விண்ணப்பிக்க, ஆறாயிரத்துச் சொச்சம் பேர் சேர்கிறார்கள். ஏறக்குறைய இருவரில் ஒருவர். கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஆனால் 2.7-ஐ வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவருக்கு அந்த ‘இருவரில் ஒருவர்’ பொருந்தாது.

அப்படி ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். 120 கிரெடிட், 2.7 சராசரி. முதல் இரண்டு ஆண்டு பகுதிநேர வேலை, ஆய்வகத் தேர்வுகளில் திணறல், பிறகு சுதாரித்துக்கொண்டவள். பட்டம் வாங்கிய பிறகு இன்னும் ஓராண்டு, 30 கிரெடிட், அத்தனையிலும் ‘ஏ’ வாங்குகிறாள். வீட்டில் பாயசம் வைக்கலாம். சராசரி என்ன ஆகும்? 324 புள்ளியோடு 120 சேர்ந்து 444. அதை 150-ஆல் வகுத்தால் 2.96. மூன்றைக்கூடத் தொடவில்லை. இன்னும் ஓராண்டு அதேபோல ஒரு பிசகும் இல்லாமல் படித்தால் 3.13. இரண்டு வருட வேர்வைக்குக் கிடைத்த கூலி அரைப் புள்ளிக்கும் கீழே. நிரம்பிய அண்டாவில் செம்பு செம்பாக வெந்நீர் ஊற்றுகிற கதை.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் மூட்டை கட்டுகிறார்கள். அவசரம் என்பேன். ஏனென்றால் விண்ணப்பத்தில் ஒரே ஒரு சராசரி மட்டும் இருப்பதில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியலுக்குத் தனியே ஓர் அறிவியல் சராசரி போடுகிறார்கள். அந்த அண்டா சிறியது. அதே மாணவிக்கு அதில் 40 கிரெடிட், 2.5 சராசரி என்றால், அடுத்து எடுக்கும் 30 கிரெடிட்டும் அறிவியலாகவே இருந்து எல்லாம் ‘ஏ’ ஆனால் 3.14-க்கு வந்துவிடும். ஒரே வருடத்தில் 0.64 புள்ளி ஏற்றம்! இன்னொன்று, மதிப்பெண்கள் ஆண்டுவாரியாகவும் பிரித்துக் காட்டப்படுகின்றன. முதலாண்டு 2.3, கடைசியாண்டு 3.9 என்று ஏறும் 3.1-ம், 3.7-ல் தொடங்கி 2.5-க்கு வழுக்கும் 3.1-ம் ஒன்றல்ல என்பது தேர்வுக் குழுவில் உட்காருபவர்களுக்குத் தெரியும். ஏறுமுகம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

ஏறுமுகத்தைக் காட்ட இரண்டு வழி. பட்டத்துக்குப் பிறகும் இளநிலை மட்டத்திலேயே கடினமான அறிவியல் பாடங்களை எடுப்பது ஒன்று. ‘போஸ்ட் பேக்’ என்பார்கள். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உடற்கூறியல், உடலியங்கியல். இவை பழைய சராசரியோடு சேர்ந்து அதை மெல்ல நகர்த்தும். மற்றது முதுநிலைப் படிப்பு. இதன் மதிப்பெண் தனிக் கணக்கில் போகும், பழைய 2.7-ஐ ஓர் இழைகூட அசைக்காது. ஆனால் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிற அளவுக்கான பாடங்களில் நன்றாகச் செய்தால், ‘இவள் தாங்குவாள்’ என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வாய்நல அறிவியலில் இப்படி ஒரு முதுநிலைப் படிப்பே இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதுநிலை என்றதும் பெற்றோர் காசோலைப் புத்தகத்தைத் தேடுவார்கள். ஓராண்டுக்கே பல பத்தாயிரம் டாலர் ஆகும். அதில் ‘பி’ ‘பி’யாக வாங்கினால் பணமும் போய், கடைசிச் சாட்சியும் எதிர்ச்சாட்சியாகிவிடும். முன்பு ஏன் விழுந்தோம் என்பதற்கு விடை கிடைக்காதவர் முதலில் அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பாடம் எடுத்துத் தன்னைச் சோதித்துப் பார்ப்பது மேல்.

டெக்சாஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு விசேஷம். அந்த மாநிலச் சட்டத்தில் ‘அகாடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட்’ என்று ஒன்று உண்டு. பத்தாண்டுக்கு முந்தைய பாடங்களையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று மாநிலவாசி கேட்கலாம். அரசுக் கல்லூரிகள் அப்படியே புறக்கணிக்க வேண்டும். பொறுக்கி எடுக்க முடியாது. ‘டி’யை விடும்போது அதே காலத்து ‘ஏ’யும் போகும், கட்டாயப் பாடங்களை மறுபடி படித்தாக வேண்டும். முப்பது வயதில் மனம் மாறி வருகிறவர்களுக்கு இது வரம்.

மாநிலம் என்பது வேறு வகையிலும் முக்கியம். அரசுக் கல்லூரிகள் தம் மாநிலத்தவருக்கே முன்னுரிமை தரும். வட கரோலினாவின் கிரீன்வில்லில் 2011-ல் முதல் அணியைச் சேர்த்த கிழக்குக் கரோலினாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரி, வெளி மாநிலத்தவரை எடுப்பதே இல்லை. அந்த மாநிலக் கிராமங்களுக்கு மருத்துவர் வேண்டும் என்றே கட்டியது. குறைந்த சராசரிக்காரர் தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பதைவிட, எந்தக் கல்லூரிக்கு எப்படிப்பட்ட ஆள் தேவை என்று பார்த்து விண்ணப்பிப்பது புத்தி. கட்டணமும் சும்மா இல்லை. ஒவ்வொரு கூடுதல் கல்லூரிக்கும் நூறு டாலருக்கு மேல்.

அடுத்தது டி.ஏ.டி. என்னும் நுழைவுத் தேர்வு. ஒரே நாளில் உயிரியல் 40, வேதியியல் இரு பிரிவிலும் முப்பது முப்பது கேள்விகள், பிறகு வாசித்தறிதல், கணிதம். இவற்றோடு வித்தியாசமான ஒரு பகுதி: அறுபது நிமிடத்தில் 90 உருவப் புதிர்கள். மடித்த காகிதத்தில் துளை போட்டால் விரித்தபின் எங்கெங்கே ஓட்டை இருக்கும், எந்தக் கோணம் சிறியது, அடுக்கிய கட்டிகளில் எத்தனைக்கு இரண்டு பக்கம் வண்ணம் பட்டிருக்கும் என்று கேட்பார்கள். 1970-களின் தொடக்கம் வரை இதற்குப் பதில் சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்துச் செதுக்கச் சொன்னார்கள். கனடாவில் சில ஆண்டுகளுக்கு முன்புவரைகூட சோப்பு செதுக்கினார்கள். மதிப்பெண் முறை 2025 மார்ச்சில் 200 முதல் 600 வரை என்று மாறியது. அதற்கு முன் முப்பதுக்கு. இடம் பெற்றவர்கள் சராசரியாக 20-ஐ ஒட்டி வாங்கினார்கள், அந்தப் பழைய அளவில் 2.7-காரருக்கு 23 வேண்டும் என்பது என் கணிப்பு. தயாராகாமல் எழுதிவிட்டு ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்பவர்கள் கவனிக்க: பழைய முயற்சியின் மதிப்பெண்ணும் கூடவே போகும். இங்கேயும் மறதி இல்லை.

சராசரியை மூடி மறைக்க முடியாதென்றால் பக்கத்தில் கனமான ஒன்றை வைக்க வேண்டும். பல் மருத்துவர் அருகில் நின்று வேலையைப் பார்க்கும் ‘ஷேடோயிங்’ நூறு மணி நேரமாவது எல்லோரும் காட்டுவார்கள். அதில் பெருமை ஒன்றுமில்லை. ‘ரிமோட் ஏரியா மெடிக்கல்’ போன்ற அமைப்புகள் நடத்தும் இலவச முகாம்களுக்குப் போனவர்களிடம் பேச வேறு விஷயம் இருக்கும். முதல் நாளே வந்து காரில் தூங்கி, விடியுமுன் வரிசையில் நின்று, ஒரே அமர்வில் பல பற்களைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களை அங்கே பார்க்கலாம். பணக்கார நாட்டில் பல்வலி எப்படி இருக்கும் என்பது எந்தப் பாடத்திலும் வராது.

செலவைப் பேசாமல் முடியாது. கடன் வாங்கிப் படித்தவர் வெளியே வரும்போது சராசரியாக மூன்று லட்சம் டாலர் அளவுக்குத் தலையில் இருக்கிறது. 2025-ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை முதல் புதிதாகச் சேர்பவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் இரண்டு லட்சம் என்று உச்சவரம்பு. மிச்சத்துக்குத் தனியார் வங்கிதான். மூன்றாவது, நான்காவது முறை விண்ணப்பிக்க நினைப்பவர் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எல்லாம் கூடிவந்து நேர்காணலுக்கு அழைத்தால், அந்தக் கேள்வி வரும்: “இரண்டாம் ஆண்டில் என்ன நடந்தது?” பேராசிரியரைக் குறை சொல்கிறவர்கள் அங்கேயே தோற்கிறார்கள். பாட்டி இறந்ததில் தொடங்கிப் பத்து நிமிடம் பேசுகிறவர்களும் அப்படித்தான். நான்கு வாக்கியம் போதும். வேலைக்குப் போனேன், படிக்கத் தெரியவில்லை, உதவி கேட்கக் கூச்சப்பட்டேன், பிறகு இன்னதை மாற்றிக்கொண்டேன். இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழக வேண்டும். கேட்டவர் தாளைத் திருப்பி, “கைவேலை என்ன தெரியும்?” என்று அடுத்ததற்குப் போனால் நல்ல சகுனம். நம்மூர்க் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த இடத்தில் தவறாமல் வயலின் என்பார்கள். மார்கழியில் அம்மாவோடு உட்கார்ந்து புள்ளி வைத்து இழுத்த சிக்குக்கோலத்தை ஏன் ஒருவரும் சொல்வதில்லை என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.