அம்புக்குறிக்குப் பேய் பிடித்ததா?

குட்டீஸ், உங்கள் வீட்டில் லேப்டாப் இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கூத்தை எப்போதாவது பார்த்திருப்பீர்கள். லேப்டாப் மேசை மேல் சும்மா இருக்கும். யாரும் தொட மாட்டார்கள். ஆனால் திரையில் இருக்கும் அம்புக்குறி மட்டும் தானாகவே அங்கும் இங்கும் ஓடும்! சில நாள் இதற்கு நேர்மாறாக நடக்கும். நாளைக்குக் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் பாதியில் நிற்கும். விரலை எப்படித் தேய்த்தாலும் அம்புக்குறி அசையவே அசையாது.

உடனே என்ன செய்வோம்? "லேப்டாப் போச்சு!" என்று கத்துவோம். கோபத்தில் டச்பேடை நாலு தட்டுத் தட்டுவோம். அப்பா அதைப் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆனால் பல நேரங்களில் லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இருக்காது. கொஞ்சம் துப்பறிந்தால் காரணத்தை நாமே கண்டுபிடித்துவிடலாம். ஒரே ஒரு கோளாறு மட்டும் ஆபத்தானது. அது எது என்று பின்னால் சொல்கிறேன். அதை மட்டும் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் வந்தது எப்படித் தெரிகிறது?

முதலில் ஒரு சின்னச் சோதனை. பிளாஸ்டிக் ஸ்கேலின் நுனியை டச்பேட் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். அம்புக்குறி அசையாது. இப்போது விரலை வையுங்கள். அசைகிறது, இல்லையா? ஏன் தெரியுமா?

டச்பேடின் மேல்தோலுக்கு அடியில் மெல்லிய மின்கம்பிப் பாதைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. நம் கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாகக் கோடு இருக்குமே, அது போல! இந்தக் கோடுகளைச் சுற்றி மிகச் சிறிய மின்புலம் இருக்கும். நம் உடலில் நீரும் உப்பும் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். விரல் நெருங்கியதும் அந்த இடத்தில் மின்புலம் கொஞ்சம் மாறுகிறது. எந்தக் கட்டத்தில் மாற்றம் என்று உள்ளே இருக்கும் சில்லு கணக்குப் போட்டு, அம்புக்குறியை நகர்த்துகிறது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் டச்பேட் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

இது புரிந்தால் பாதிக் கோளாறு புரிந்த மாதிரி. கை கழுவிவிட்டு ஈரத்தோடு வந்து தொட்டால், நீர்த்துளியும் மின்புலத்தை மாற்றும். ஒரு விரலா, மூன்று விரலா என்று டச்பேட் குழம்பிவிடும். முறுக்குச் சாப்பிட்ட எண்ணெய்க் கை, வியர்வைக் கை இரண்டும் இதே குழப்பத்தைத்தான் செய்யும். தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை உரசினாலும் அம்புக்குறி எங்கோ தாவும்.

முதல் கேள்வி: குற்றவாளி யார்?

நல்ல துப்பறிவாளர் எல்லோரையும் ஒரே நேரத்தில் சந்தேகப்பட மாட்டார். ஒவ்வொருவராக விசாரிப்பார். நாமும் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், எதனால் சரியானது என்றே தெரியாது.

தொடங்கும் முன், செய்துகொண்டிருந்த வேலையைச் சேமியுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் மவுஸ் வேலை செய்யாவிட்டாலும் 'கன்ட்ரோல்' விசையோடு 'எஸ்' விசையை அழுத்தினால் போதும். பிறகு லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சின்னச் சின்னக் குழப்பங்கள் இதிலேயே ஓடிப்போகும்.

போகவில்லையா? இப்போது கம்பியில்லாச் சாதனங்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மவுஸின் அடிவயிற்றில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். யு.எஸ்.பி. துளையில் செருகியிருக்கும் குட்டி ரிசீவரைக் கழற்றுங்கள். கம்பியில்லாக் கீபோர்டு இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இனி விரலால் டச்பேடை மட்டும் பயன்படுத்திப் பாருங்கள்.

அம்புக்குறி ஒழுங்காகிவிட்டால், குற்றவாளி வெளியில் இருந்த சாதனம். இன்னும் தகராறு செய்தால் டச்பேடை விசாரிக்க வேண்டும்.

டச்பேடிடம் விசாரணை

அம்புக்குறி துள்ளுகிறதா? லேப்டாப்பை அணைத்துவிட்டு, மெல்லிய துணியை லேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்து, டச்பேடைத் துடையுங்கள். தண்ணீரை நேராக ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, உலர்ந்த கையோடு தொட்டுப் பாருங்கள்.

அம்புக்குறி அசையவே இல்லையா? டச்பேட் தூங்கிக்கொண்டிருக்கலாம்! பல லேப்டாப்களில் டச்பேடை அணைக்கவும் எழுப்பவும் கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு விசை இருக்கும். அதன் மேல் டச்பேட் படம் குட்டியாக வரைந்திருக்கும். தட்டச்சு செய்யும்போது கை தவறி அதை அழுத்தியிருப்போம். அதே விசையை மறுபடி அழுத்தினால் எழுந்துவிடும். சில லேப்டாப்களில் 'எஃப்.என்.' விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. மவுஸ் இணைத்திருக்கும் நேரத்தில் டச்பேட் ஓய்வெடுக்கும்படி செட்டிங்ஸில் சொல்லி வைக்க முடியும். விண்டோஸ், மேக் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. அண்ணன் எப்போதோ செய்து வைத்திருப்பார்; உங்களுக்குத் தெரியாது. மவுஸை அணைத்ததும் டச்பேட் உயிர்பெற்றால் காரணம் இதுதான். விண்டோஸில் விண்டோஸ் விசையை அழுத்தி, ஆங்கிலத்தில் 'டச்பேட்' என்று எழுத்துக்கூட்டித் தட்டினால் அந்தப் பக்கம் வரும். 'டேப்' விசையால் நகர்ந்து, 'ஸ்பேஸ்' விசையால் மாற்றிக்கொள்ளலாம். மவுஸ் வேண்டியதே இல்லை!

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் அம்புக்குறி துள்ளுகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். துள்ளல் நின்றால், சார்ஜர் சரியில்லை அல்லது சுவரில் இருக்கும் பிளக் பாயின்டில் எர்த் இல்லை என்று சந்தேகப்படலாம். மூன்று பின் பிளக்கில் மேலே பெரிதாக ஒன்று இருக்குமே, அதுதான் எர்த் பின். வேண்டாத மின்சாரம் பூமிக்குப் போக அதுதான் வழி. அந்த வழி இல்லாவிட்டால் டச்பேடின் சின்ன மின்புலத்தில் இரைச்சல் கலந்துவிடும். எர்த் இல்லாத பிளக் பாயின்ட் நமக்கும் நல்லதில்லை. அப்பா, அம்மாவிடம் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்காதீர்கள்.

இது மட்டும் ஆபத்து!

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறதா? அழுத்தினால் 'டிக்' சத்தம் வரவில்லையா? கீபோர்டு நடுவில் மேடு தட்டியிருக்கிறதா? மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? உடனே நிறுத்துங்கள்!

பல லேப்டாப்களில் பேட்டரி இருக்கும் இடம், டச்பேடுக்கு அடியில்தான். லித்தியம் அயன் பேட்டரி பழையதானாலோ கெட்டுப்போனாலோ உள்ளே வாயு உண்டாகி, பூரி போல உப்பிவிடும். உப்பிய பேட்டரி டச்பேடைக் கீழிருந்து தள்ளுகிறது. அதை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கலாம். எழும்பிய டச்பேடைக் கையால் அமுக்கி உள்ளே தள்ள முயலவே கூடாது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சார்ஜ் போடக் கூடாது. விவரம் தெரிந்த பழுது பார்ப்பவர்தான் அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது.

"டச்பேட்தானே, மவுஸ் வைத்து ஓட்டிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த டச்பேட் உங்களை எச்சரிக்கிறது!

பைக்குள் ஒளிந்த பேய்

இனி கம்பியில்லாச் சாதனங்களின் கதை. அம்புக்குறி தானாக ஓடுவதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. புளூடூத் மவுஸை அணைக்காமலே பைக்குள் போட்டிருப்பீர்கள். உள்ளே புத்தகம் இடிக்கும். மவுஸ் நகரும், பட்டன் அழுந்தும். சில மீட்டர் தூரம்வரை சிக்னல் போகும் என்பதால், பை அடுத்த அறையில் இருந்தாலும் லேப்டாப் அதற்குக் கீழ்ப்படியும். இங்கே பார்ப்பவர்களுக்கு அது பேய் வேலை!

மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அடுத்து மேசையைப் பாருங்கள். மவுஸின் அடியில் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. அது மேசைப் பரப்பை ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான படம் எடுத்து, எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கணக்கிடும். கண்ணாடி மேசையில் அதற்குப் பிடிமானமாகப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு தாளை விரித்து அதன் மேல் மவுஸை வையுங்கள். பிரச்னை தீர்ந்துவிடும்.

பள்ளிக் கணினி அறையில் இன்னொரு குழப்பம் வரும். எல்லா மவுஸும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் பெரும்பாலான ரிசீவர்களுக்குத் தன் ஜோடி மவுஸின் பேச்சு மட்டும்தான் புரியும். ஜோடி மாறினால் இரண்டுமே வேலை செய்யாது. மவுஸுக்கும் ரிசீவருக்கும் ஒரே எண் எழுதி ஒட்டிவிட்டால் குழப்பமே வராது.

நெரிசல் மிகுந்த தெரு

கம்பியில்லா மவுஸ், கீபோர்டு, புளூடூத் ஹெட்போன், வீட்டு வைஃபை… இவை அனைத்தும் ரேடியோ அலையால் பேசுகின்றன. பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பேசுகின்றன. அதன் பெயர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. தனி உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்பதால் அங்கே அவ்வளவு கூட்டம்! சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அதிலிருந்து மிக மிகக் கொஞ்சம் கசியும். அது நமக்குத் தீங்கு செய்யாத அளவுதான் என்றாலும், மெல்லிய குரலில் பேசும் மவுஸுக்கு அது இரைச்சல்.

புளூடூத் இந்தக் கூட்டத்தில் எப்படிப் பிழைக்கிறது? ஓரிடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே பேசுகிறது! அலைவரிசையை 79 பாதைகளாகப் பிரித்து, ஒரு விநாடியில் 1600 முறை பாதை மாறும் வகையில் முதலில் உருவாக்கப்பட்டது. புதிய குறைமின் வகை புளூடூத்தில் 40 பாதைகள். நெரிசலான பாதை எது என்று கவனித்து, அதை ஒதுக்கிவிட்டும் தாவும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால், மவுஸுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

ஒரு வினோதமான மோதலும் உண்டு. வேகமான யு.எஸ்.பி. 3.0 வகைச் சாதனங்கள் வேலை செய்யும்போது, இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலை எழுப்புகின்றன. இன்டெல் நிறுவனமே இதை ஆராய்ந்து 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளியில் இணைக்கும் ஹார்டு டிஸ்கின் பக்கத்துத் துளையிலேயே மவுஸ் ரிசீவரைச் செருகினால், மவுஸ் திக்கித் திணறுவது இதனால்தான். ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள். அல்லது ஒரு சிறிய யு.எஸ்.பி. நீட்டிப்பு ஒயரில் மாட்டி, மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். கொஞ்சம் தள்ளி வைத்தாலே சண்டை நின்றுவிடும்!

குட்டிக் குட்டித் தகவல்கள்

* முதல் மவுஸ் மரப்பெட்டிக்குள் இருந்தது! அமெரிக்காவின் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனையில், பில் இங்கிலீஷ் 1964-இல் செய்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை எல்லோருக்கும் இயக்கிக் காட்டினார்.

* ஆப்பிள் நிறுவனம் டச்பேட் வைத்து வெளியிட்ட முதல் லேப்டாப் வரிசை, பவர்புக் 500. ஆண்டு 1994.

* 1971-இல் வந்த இன்டெல் 4004 மைக்ரோபிராசஸரை உருவாக்கியவர்களில் ஒருவர் ஃபெடரிகோ ஃபாகின். அவரும் கார்வர் மீடும் 1986-இல் தொடங்கிய சினாப்டிக்ஸ் நிறுவனம், பிறகு டச்பேடுக்குப் பேர்போனது.

* தாவித் தாவிப் பேசும் யோசனைக்கு 1942-இல் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹெடி லாமர் என்ற ஹாலிவுட் நடிகை. இன்னொருவர் ஜார்ஜ் ஆன்தெயில் என்ற இசையமைப்பாளர். கடலுக்குள் செல்லும் டார்பிடோ குண்டை எதிரி திசைதிருப்பாமல் இருக்கவே அந்த யோசனை. பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள்!

* 'புளூடூத்' என்பது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னரின் பட்டப்பெயர். அவர் மக்களை ஒன்றிணைத்த மாதிரி, இது கருவிகளை ஒன்றிணைக்கிறதாம்!

அடுத்தமுறை அம்புக்குறி அடம்பிடித்தால்…

1. வேலையைச் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட்.
2. கம்பியில்லாச் சாதனங்களை நிறுத்திப் பார்த்தல். பைக்குள்ளும் தேடுங்கள்!
3. உலர்ந்த கை, துடைத்த டச்பேட்.
4. டச்பேட் விசை, செட்டிங்ஸ்.
5. சார்ஜரைக் கழற்றிச் சோதனை.
6. மவுஸுக்குப் புதிய பேட்டரி, அடியில் ஒரு தாள், ரிசீவருக்கு வேறு துளை.
7. டச்பேட் எழும்பியிருந்தால் இவை எதுவும் வேண்டாம். அணைத்துவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லையா? கவலை வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் போகும்போது, "சார்ஜர் இல்லாமலும் துள்ளுது, மவுஸைக் கழற்றினாலும் துள்ளுது அங்கிள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவருடைய வேலை பாதி குறையும். தேவையில்லாமல் எதையாவது மாற்றி அப்பாவின் காசு செலவாவதும் மிச்சம். டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சரியாகச் சொல்வது மாதிரிதான் இதுவும். சரிதானே குட்டீஸ்?