வெள்ளிக்கிழமை ஈரம்

ராசிபுரத்தில் பெரியம்மா வீட்டு வாசல் நிலை தம்மம்பட்டியில் செதுக்கி வந்தது. மேலே கஜலட்சுமி, யானையின் காது மடிப்பு இன்றைக்கும் விரலுக்குத் துல்லியமாகத் தட்டுப்படும். அதே நிலையின் அடியில், படியைத் தொடும் இடத்தில், கோணி ஊசியை வைத்து அழுத்தினேன். சரசரவென்று உள்ளே இறங்கியது. வெள்ளிதோறும் மஞ்சள் பூசி, மிச்சத் தண்ணீரையும் அங்கேயே ஊற்றிய பழக்கம். மரத்தை அறுத்த வாய் அந்த அடியில்தான் இருக்கிறது. பட்ட ஈரத்தையெல்லாம் அதுதான் குடிக்கும்.

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, கெங்கவல்லி வட்டத்தில் இருக்கிறது தம்மம்பட்டி. அதன் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கே வாகை, மாவிலங்கை என்று உளிக்கு இணங்கும் மரங்களில் சிற்பம் பிறக்கிறது. வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி அவ்வளவாகச் சீண்டாது. வெளிப்புற வெள்ளைக்கட்டையில் மாவுச்சத்து இருக்கும். உளுப்புழு அதற்காகவே வரும். சிலைக்கடியில் புதிதாக மாவு கொட்டியிருந்தால் உள்ளே புழு இருக்கிறதென்று எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பூச்சி மருந்தை ஊசியில் ஏற்றித் துளைதோறும் செலுத்தி, மெழுகால் அடைக்க வேண்டும். மண்கூடு தெரிந்தால் அது கரையான். அதற்குச் சுவரையும் தரையையும் சேர்த்துப் பார்க்காமல் தீராது.

பண்டிகைக்குத் தேங்காயெண்ணெய் தடவுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது உலராது. செதுக்கின் பள்ளங்களில் தூசியோடு பிசைந்து கறுப்புப் பிசினாகிவிடும். சிற்பி நாட்கணக்கில் இழைத்த கண்ணிமையே மறைந்துபோகும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினாலே போதும். ஆளிவிதை எண்ணெய் உலரும், மெல்லியதாகப் பூசலாம். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் நம்முடையது. மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், ஐப்பசி மழையில் விரியும். நல்ல ஆசாரி கதவின் பலகையைப் பசை வைக்காமல் காடிக்குள் சும்மா நிறுத்துவது இதற்காகத்தான். கோடையில் தெரியும் இடைவெளியைப் பசையும் மரத்தூளும் வைத்து அடைத்தால், நகர வழியில்லாமல் பலகையே வெடிக்கும். இப்படி வெடித்த கதவுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

பெரியம்மாவின் நிலையில் உளுத்த நாலு விரல் உயரத்தை அறுத்தெடுத்து, தேக்கின் வைரக்கட்டையைக் கோத்து ஒட்டினார் ஆசாரி. இப்போது பெரியம்மா கல் படிக்கு மட்டும் மஞ்சள் பூசுகிறார். நிலைக்கு விரல்நுனியால் ஒரு பொட்டு.