நெல்லைக்குப் புதிதாய் வரும் மரத்தொழிலாளர்க்கு மரமும் துணையும்

நெசவுத் தொழில் செய்பவர் ஒருவர் ஓர் ஊரைவிட்டு மற்றோர் ஊருக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அவர் முதன்முதல் விசாரிப்பது நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் எத்தெருவில் இருக்கிறது என்பதையே. சங்கத்தைக் கண்டுவிட்டால் நூல் கிடைக்கும் வழி, சாயம் தோய்ப்பவர் வீடு, அச்சுக் கட்டுபவர் யார் என்பன யாவும் ஒரே நாளில் தெரிந்துவிடும். 1935-ஆம் ஆண்டில் தோன்றி, இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைக்கும் தலைமைச் சங்கமும் அதன் கீழ்ப்பட்ட சங்கங்களும் நமக்குச் செய்து தந்த வசதி இது. மரத்தொழில் செய்பவர்க்கோ இத்தகைய வாயில் எதுவும் இல்லை. திருநெல்வேலிக்கு உத்தியோகம் பற்றியோ, திருமணத் தொடர்பு பற்றியோ, ஓய்வுக்காலத்தைக் கழிக்கவோ உளிப்பெட்டியுடன் வந்து சேர்கின்ற ஒருவர், நல்ல பலகை எங்கே கிடைக்கும், தம்மைப்போல் மரத்தில் வேலை செய்கிறவர் யார் என்று அறிவதற்குள் ஓராண்டு கழிந்துவிடுகிறது.

நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் உரிய பத்திரிகையில் தச்சரைப் பற்றி எழுதுவானேன் என்று சில அங்கத்தினர் கேட்கக்கூடும். தறியின் படமரமும் மிதிப்பலகையும் தச்சர் கையால் ஆனவை. அவர் தேடி அலைகின்ற மரமோ பெரும்பாலும் நம் விவசாய அங்கத்தினரின் வரப்பிலும் தோட்டத்திலும் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் இல்லை என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

புதிதாய் வருபவர் மனத்தில் முதலில் எழும் எண்ணம், மேற்கே பொதிகை மலை நிற்கிறதே, மரத்துக்கு என்ன பஞ்சம் என்பதுதான். அவ்வெண்ணத்தை விரைவில் விட்டுவிடுதல் நலம். முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயங்களாயின. 1988-இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிற்று. அம்மலையின் மரம் தாமிரபரணிக்கு நீர் தருவதற்கென்று நிற்பது, வாளுக்கு உரியதன்று. கார், பிசானம் என்னும் இரு போகமும் அந்நீரை நம்பி விளைவதால், இதில் நமக்குக் குறைப்பட ஒன்றுமில்லை. மலையடிவார ஊர்களில் எவரேனும் குறைந்த விலைக்குத் தோதகத்தியோ வேங்கையோ தருகிறேன் என்று சொன்னால், எவ்வழியாக வந்தது, அனுமதிச் சீட்டு உண்டா என்று கேட்காமல் வாங்கலாகாது. சீட்டின்றி வந்த மரத்தை வாங்கியவரும் வழக்கில் அகப்படுவார்.

அப்படியானால் நெல்லைக்கு மரம் எங்கிருந்து வருகிறது? ஒரு வழி மேற்கு. 1904-இல் கொல்லத்தோடு திருநெல்வேலியை இணைத்த இருப்புப்பாதை ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து செங்கோட்டைக்கு இறங்குகிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. இப்பொழுது தென்காசி ஜில்லாவில் இருக்கிறது. மலைக்கு அப்புறத்து மரம் இப்புறத்து வெயிலுக்கு வரும் வாசல் அதுவே. ஆதலால் அங்கே மர அறுவை ஆலைகளும் மரக்கடைகளும் நெடுநாளாக நிலைபெற்றுள்ளன. தேக்கு, அயினி, பலா முதலியவற்றோடு இக்காலத்தில் ரப்பர் மரமும் அவ்வழியே வருகிறது. பால் வற்றிய தோட்டங்களை ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுவதால் இம்மரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வெட்டிய சில நாட்களுக்குள் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த மருந்து நீர் ஏற்றாவிடில், நீலம் பாய்ந்து, வண்டு துளைத்து மாவாகிவிடும். மருந்து ஏற்றியதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

மற்றொரு வழி கிழக்கு. தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டு உருட்டுக் கட்டைகள் இறங்குகின்றன. பர்மாத் தேக்கு என்ற சொல் நம் வீடுகளில் இன்றும் வழங்குகிறது. எனினும், அந்நாடு 2014 ஏப்ரல் முதல் தன் மரங்களைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்துவிட்டது. அதன் பின்னர் வருபவற்றில் ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் தோட்டத் தேக்கே மிகுதி. விரைந்து வளர்ந்த மரமாதலின் வளையங்கள் அகன்றும், வெண்பகுதி மிகுந்தும் இருக்கும். அதனால் அது ஆகாத மரம் என்று கொள்ள வேண்டியதில்லை. பர்மாத் தேக்கின் விலையைக் கொடுக்க வேண்டியதுமில்லை.

மூன்றாவது வழியைப் புதியவர்கள் அறிவதேயில்லை. பூவரசு, வேம்பு, வாகை, புளி, மா, நாட்டுக் கருவேல் ஆகிய உள்ளூர் மரங்கள் அவை. சாலையை அகலப்படுத்தும்போது வெட்டப்படும் மரங்கள் ஏலத்தில் போகின்றன. 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தில் குளங்களுள் வளர்த்த கருவேலும் அவ்வாறே ஏலம் போவதுண்டு. புயலில் சாய்ந்த வேம்பும் பட்டுப்போன பூவரசும் விறகு விலைக்கே விற்கப்படுகின்றன. பூவரசைப் போல இழைப்புளிக்கு இணங்கி, பருத்த நாரின்றி, கருஞ்சிவப்பாக மின்னும் மரம் வேறு எது? அதை அடுப்புக்கு அனுப்பிவிட்டு, கடல் கடந்து வந்த பலகைக்குக் காசு கொடுக்கிறோம்.

மரக்கடையில் அளவு பேசும் முறையைப் புதியவர் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். பலர் பணத்தை இழப்பது இங்கேதான். உருட்டுக் கட்டையை வணிகர் ஹோப்பஸ் கணக்கில் அளப்பர். கட்டையின் நடுச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் மீண்டும் பெருக்குவதே அக்கணக்கு. சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால் நாலில் ஒரு பங்கு 1 அடி. ஆகவே 10 கன அடி. அக்கட்டையின் மெய்யான கன அளவோ 12.7 கன அடிக்குச் சற்று மேல். அறுக்கையில் கழியும் புறப்பலகைக்காக விட்டுக்கொடுத்த பங்கு அந்த வேறுபாடு. ஒரு கடையில் ஹோப்பஸ் கணக்கிலும் மற்றொரு கடையில் கன மீட்டரில் மெய்யளவாகவும் விலை சொன்னால், இரண்டையும் நேரே ஒப்பிடக் கூடாது. ஒரு கன மீட்டர் 35.3 கன அடி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ‘எந்தக் கணக்கு?’ என்று முதலில் கேட்டுவிட வேண்டும். அறுத்த பலகைக்குக் கணக்கு எளிது. 12 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், 12 அடி நீளம் உள்ள பலகை ஒரு கன அடி. ஆனால் ஓர் அங்குலம் என்று அறுத்தது இழைத்து முடித்தபின் முக்கால் அங்குலமாகவே நிற்கும்.

அடுத்தது ஈரம். மலைக்கு அப்புறம் பெருமழைக் காற்றில் உலர்ந்த பலகை, நம்மூரின் ஆனி ஆடிக் காற்றுக்கு வந்தவுடன் மேலும் சுருங்கும். குற்றாலத்தில் சாரல் விழுகின்ற அதே நாட்களில் நெல்லைச் சமவெளியில் கணவாய்க் காற்று வறண்டு வீசுவதை யாவரும் அறிவர். வாங்கிய வாரத்திலேயே கதவு செய்தால் அடுத்த வாரம் இணைப்பு விலகும். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தார், தட்பவெப்பத்துக்கேற்ப நாட்டை நான்கு மண்டலங்களாகப் பகுத்து, எவ்வேலைக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று 287-ஆம் எண் தரநூலில் வகுத்திருப்பது இதனாலேயே. கருவி இல்லாதவர் பலகை ஒன்றில் தேதியும் எடையும் எழுதி, நிழலில் அடுக்கிட்டு, வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். எடை குறைவது நின்றபின் வேலையைத் தொடங்கலாம். தேய்பிறையில் வெட்டினால் வண்டு விழாது என்பர் பெரியோர். பிறையைக் காட்டிலும் மாதம் முக்கியம் என்பது எமது கருத்து. பிசான அறுவடை முடிந்து வெயில் ஏறுமுன் வெட்டி, உடனே அறுத்து, காற்றோட்டமாக அடுக்கினால் எப்பிறையாயினும் பெரும்பாலும் கேடில்லை.

இனி மனிதர்கள். மரம் கிடைக்கும் இடங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு மட்டும் ஒருவர் தொழிலில் நிலைக்க முடியாது. எந்தத் தோப்பில் மரம் சாய்ந்தது, எந்த ஆலையில் மெல்லிய வாள் பூட்டியிருக்கிறார்கள் என்னும் செய்திகள் கடைப்பலகையில் எழுதப்படுவதில்லை. அவை வாய்வழியே நடப்பவை. தச்சநல்லூர் என்ற பெயரை மட்டும் நம்பி அங்கே இறங்கித் தச்சரைத் தேடுவதால் பயனில்லை. அறுவை ஆலைக்குக் காலையில் சென்று, முதலாளியிடம் விலை பேசுமுன் வாள் முன்னே நிற்கும் தொழிலாளியிடம் ‘அண்ணாச்சி, இந்தப் பூவரசு எந்தப் பக்கத்துது?’ என்று கேட்பவர், அவ்வொரு கேள்வியில் பத்துப்பேர் பெயரை அறிந்துகொள்வார். வாளுக்குச் சாணை பிடிப்பவர் கடை மற்றொரு நல்ல இடம்; நகரத்துத் தச்சர் பெரும்பாலோர் என்றேனும் அங்கே வந்தே தீர வேண்டும். சிறு வேலை செய்பவர்க்குத் தேவையான துண்டு மரமும் ஆலைகளிலேயே கிடைக்கும். விறகுக்கென எடைபோட்டு விற்கும் குவியலில் நாற்காலிக் காலுக்கும் பெட்டி மூடிக்கும் ஆகும் துண்டுகள் எவ்வளவோ! பேட்டையிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தையும் மாவட்டத் தொழில் மையத்தையும் ஒருமுறை சென்று விசாரிப்பது நலம். பழைய வேலையைக் கண்ணால் காண விரும்புவோர் நெல்லையப்பர் கோயில் தாமிர சபைக்குச் சென்று, செப்புக் கூரையின் கீழுள்ள மரச் சிற்பங்களை அண்ணாந்து நோக்குக.

எனினும், புதியவர் தவறாது செல்ல வேண்டிய ஊர் அம்பாசமுத்திரம். செங்கோட்டை செல்லும் அதே இரயிலில் ஏறினால், வழியில் உள்ளது. சிறுமியர் விளையாடும் அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு முதலிய சொப்புச் சாமான்களை மரத்தில் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் சூட்டில் வண்ணம் உருகிப் படியச் செய்து, தாழை மடலால் மெருகேற்றுவர். முன்னாளில் இதற்கு மஞ்சள் கடம்பே உகந்த மரமாயிருந்தது. நார் சீராய், கடைசலுக்கு இணங்கி, அரக்கை நன்றாய்ப் பிடித்துக்கொள்ளும் மரம் அது. காடு காப்புக்குள் சென்றபின் கடம்பு அரிதாயிற்று. தொழிலாளர் ரப்பர், யூகலிப்டஸ், தேக்குத் துண்டு என்று மாறினர். ஒருபுறம் பிளாஸ்டிக் பொம்மை. மறுபுறம் தனித்தனியாகச் சிறு அளவில் மரம் வாங்குவதால் ஏறும் விலை. இவ்விரண்டின் நடுவே, இத்தொழிலைச் செய்யும் குடும்பங்கள் சிலவாகச் சுருங்கிவிட்டன. கடைசல் பட்டறை வைக்க எண்ணி நெல்லைக்கு வரும் ஒருவர் அங்கே சென்றால், அவருக்கு ஆசிரியர் கிடைப்பார். அவர்களுக்கு, மரத்தைச் சேர்ந்து வாங்குவதற்கு மேலும் ஓர் ஆள் கிடைப்பார். நூலைத் தனித்தனியே கடன்பட்டு வாங்கிய காலத்தில் நம் நெசவாளர் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு, இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கன்னட நாட்டுச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏடிகொப்பாகாவிலும் இதே அரக்குக் கடைசல் நடக்கிறது. இரு இடங்களிலும் அடிப்படையான மரம் ஒன்றே. நாம் வெட்பாலை என்று அழைப்பது. தந்தம் போல் வெளுத்த, நுண்ணிய நாருள்ள சிறு மரம். வெட்டிய அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். வறண்ட நிலத்திலும் வளரும். இலை சித்த மருத்துவத்தில் தோல் நோய்க்குரிய தைலத்துக்குப் பயன்படுவதால், மரம் முதிரும் வரையில் இலைக்கும் கேட்பார் உண்டு. கடைசலுக்குப் பருத்த அடிமரம் தேவையில்லை; கை கனத்த கழி போதும். நம் விவசாய அங்கத்தினர் மேட்டு நிலத்து எல்லையில் பத்து வெட்பாலை நட்டால், அம்பாசமுத்திரத்துப் பட்டறைக்கு மலையை எதிர்பாராமல் மரம் கிடைக்கும் வழி உண்டாகும். முன்னரே முளைத்து நிற்பவற்றை வேலிக்கம்பாக வெட்டி எறியாதிருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நட்ட மரம் வளரும் வரையில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் அறிவிப்புப் பலகை இருக்கிறது. தம் தோட்டத்தில் சாய்ந்த, பட்டுப்போன, அல்லது வெட்ட எண்ணியிருக்கும் மரத்தை விறகுக் கடைக்குச் சொல்லுமுன் அதில் எழுதி ஒட்டலாம். மரத்தின் பெயர், மார்பளவு உயரத்தில் சுற்றளவு, அடியிலிருந்து முதற்கிளை வரை நீளம், வண்டி செல்லும் வழி உண்டா, எம்மாதம் வெட்டுவது என்னும் ஐந்தும் போதும். பனையாயின், வெட்டுவதற்கு முன் ஆட்சியர் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்க. விலையை எழுத வேண்டாம். தச்சர் மரத்தை வந்து பார்த்தபின் நேரில் பேசிக்கொள்ளலாம்.